மிஸ்ஸியின் இரண்டு கொப்பிகள்

ஜெபமாலை மிஸ்ஸி இரண்டு கொப்பி வைத்திருந்தார்.
ஒன்றில், ஹப்புத்தளை மேல் டிவிஷனில் அவர் கையில் பிறந்த பிள்ளைகள்:
தாய் பெயர், தகப்பன் பெயர், லயம், நிறை.
மற்றதிலும் தாய், தகப்பன்தான்.
பங்களா வேலியோரத்துச் சிவப்பு, தாய்.
ரயில் மேட்டில் தானாய்ப் படர்ந்த வெள்ளை, தகப்பன்.

விடியுமுன் மொட்டின் இதழ்களைக் கழற்றுவார்,
பிரசவம் பார்க்கும் அதே விரல்களால், அவசரமில்லாமல்.
சாமணத்தால் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாய் நீக்கி
பெனிசிலின் குப்பியில் இரண்டு நாள் காய்ந்த
வேற்றுச் செடியின் தூளை
சிசுமுடித் தூரிகையால் தொட்டு வைப்பார்.
எந்த வீட்டுப் பிள்ளையின் முடியென்று கேட்காதீர்கள்,
என்னுடையதாகவும் இருக்கலாம்.
பிறகு ஒரு கடதாசிப் பை, நூல்முடிச்சு.
பெரட்டுக்குப் போகும் பெண்கள் சிரிப்பார்கள்:
"மிஸ்ஸி பூவுக்கும் குல்லா போட்டாச்சு!"

மூடுபனிதான் எதிரி.
கீழ்நாட்டு ரோசாவெல்லாம் இங்கே மொட்டிலேயே அழுகும்,
நனைந்த சுருட்டாய்ப் பழுத்துத் தொங்கும்.
பனியிலும் விரிகிற ஒன்று வேண்டும்.
மணம் இருந்தால் நல்லது.

நூறு விதைக்கு முளைப்பது ஆறு.
ஆறில் நாலைக் கரும்புள்ளி தின்னும்.
மிச்சத்தைத் தானே பிடுங்கி எறியப் பழக
ஒன்பது வருஷம் பிடித்ததென்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்.
பிள்ளைகள் கொப்பியிலும் சில பெயர்களின் ஓரத்தில்
சிறு சிலுவை.
அவற்றுக்குக் குறிப்பு இல்லை.

ஐம்பத்தெட்டில் பதுளைக் கச்சேரியில் கேட்டார்கள்:
உன் தகப்பன் எங்கே பிறந்தான்?
அவன் தகப்பன்?
சான்று?
எழுபத்து மூன்றாம் நாற்றுக்கு
நாலு தலைமுறை ஒப்பிப்பார் மிஸ்ஸி.
தனக்கென்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை.
அன்றைய பக்கத்தில் கச்சேரி பற்றி எதுவும் இல்லை.
"பதினேழில் நாற்பது வைத்தேன். காய் பதினொன்று.
அணில் தின்றது இரண்டு."

இருநூற்றுப் பன்னிரண்டு விரிந்தது ஒரு கார்த்திகையில்.
சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை,
சாயத்தண்ணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரும் நிறம்.
மூன்று நாள் விடாத பனி. ஓர் இதழும் அழுகவில்லை.
ஓய்வுபெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது,
குவாட்டர்ஸை விடச் சொல்லி இரண்டாம் கடிதமும் வந்துவிட்டது.
பதிவு இவ்வளவுதான்:

"விரிந்தது. மணம் இல்லை.
நாளை இதையே தாயாக வைக்க வேண்டும்."