வருகை

இன்றோடு நாற்பத்தாறு நாள்.
மூன்றாம் வகுப்பில் படுத்திருக்கிறோம் பதினோரு பேர்.
பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால்
முழங்கால் வரைக்கும்தான் கட்டில்.
மிச்சக் கால் காற்றில்.

கரும்பலகை மூலையில்
வாத்தியார் கடைசியாக எழுதிப்போனது அழியவில்லை:
பதிவு 41, வருகை 38.
அந்த மூன்று பேர் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று
காவல் மாற்றும் நேரங்களில் யோசிப்பேன்.
காய்ச்சலா, கல்யாண வீடா,
இல்லை, வீட்டில் முன்னமே தெரிந்திருந்ததா.

ஆடிக்காற்றில் தேரி மணல்
சோற்றில் விழுகிறது, துப்பாக்கிக் குழலில் விழுகிறது.
எண்ணெய் போட்டுத் துடைக்கிறோம்.
இதுவரை சுட்டதில்லை,
துடைத்தே தேய்கிறது.
திசையன்விளை பஸ்
இந்த நிறுத்தத்தில் மட்டும் வேகம் கூட்டுகிறது.

பனைகளை எண்ணினேன்.
கீழத்தெருப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு,
மேலத்தெருப் பக்கம் தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றெட்டு என்றான் ராசாமணி.
சாயங்காலம் இருவரும் போய்ப் பார்த்தோம்.
ஒன்றுக்குத் தலை இல்லை.
அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று
மறுநாளும் ஓடிற்று.

குடத்தோடு போனால் கீழத்தெருவில் கேட்கிறார்கள்,
'சாருக்கு எந்தப் பக்கம்?'
தருமபுரிப் பக்கம் என்கிறேன்.
மேலத்தெருவிலும் அதையே கேட்கிறார்கள்.
பென்னாகரத்துக்கு உள்ளே, காட்டோரம் என்கிறேன்.
நம்பாமல்தான் வாளியை இறக்குகிறார்கள்.
இரண்டு கிணற்றிலும் உப்புத் தண்ணீர்.

இன்லேண்டில் எழுதியிருந்தாள் மாதம்மா:
எருமை ஈன்றது, கிடாக்கன்று.
அப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறார் என்று
சின்னவன் ஊரெல்லாம் சொல்கிறானாம்.
நாலு முறை படித்தேன்.
பிறகு ஒட்டுகிற ஓரத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன்,
களி கிண்டும்போது உன் நினைப்பு என்று.
இங்கே மூன்று வேளையும் சோறு.

ராத்திரி ரோந்தில்
காது கிழிந்த நாய் ஒன்று கூட வரும்.
இரண்டு தெருவிலும் தின்னும் சீவன்
இப்போதைக்கு அது ஒன்றுதான்.

நேற்று மத்தியானம் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி
ஒரு பையன்.
'சார், என் சிலேட்டு உள்ள கெடக்கு.'
தேடி எடுத்தேன்.
அதில் எங்கள் சீட்டாட்டக் கணக்கு, ராசாமணி கையெழுத்தில்.
எச்சில் தொட்டு அழிக்கப்போனேன்.
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்,
'யாரு செயிச்சா?'
ராசாமணி என்றேன்.
தலையாட்டினான், அப்படியே வாங்கிக்கொண்டான்,
சுவரோரமாக நடந்தான்.

எந்தத் தெருவுக்குள் திரும்புகிறான் என்று
பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன்.