கண்டறியப்படவில்லை

மூணாறு தலைப்பில் ஷட்டர் தூக்குகிற வேலை எனக்கு.
வெண்ணாறு வந்து பிரிகிற இடம்.
கோரையாற்றுக்கு எவ்வளவு, பாமணிக்கு எவ்வளவு என்று
போனில் சொல்வார்கள்.
நான் திருகுவேன்.

சின்னையன் மகள் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தேன்.
பத்தாம் நாள் மன்னார்குடியிலிருந்து போன்:
‘ஒரு நடை வந்துட்டுப் போங்க.’
ஹெபடைடிஸ் பி.
கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
வெள்ளையாகத்தான் இருந்தது.

‘பிறக்கும்போதே வந்திருக்கும்’
என்றார் தஞ்சாவூர் மெடிக்கலில் டாக்டர் ஜுலைஹா.
நாற்பத்தாறு வருஷம்
ஒரே பாயில் படுத்திருக்கிறது என்னோடு.

அப்போ உள்ளே காவலுக்கு ஆளே கிடையாதா?
உண்டு என்றார். டி செல் என்று பேர்.
வந்தவனை அடையாளமும் தெரியும் அவர்களுக்கு.
பார்த்துப் பார்த்து
வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து
கை ஓய்ந்துபோனார்கள்.

இது எனக்குப் புரிந்தது.
ஐப்பசி வெள்ளம், நாலாவது ராத்திரி,
கரையில் டார்ச்சோடு நின்றிருக்கிறேன்.
நண்டு வளையில் தண்ணீர் கசிவதைக்
கண் பார்க்கும்.
கால் நகராது.

எழுப்பிவிட முடியாதா டாக்டர்?
எழுந்தால் உங்கள் ஈரலைத்தான் வெட்டுவார்கள்,
அது பதுங்கியிருப்பது அங்கேதானே.

எலி பிடிக்கிறவர்களை வயலில் இறக்கிய கதை.
முந்தின வருஷம் தையில்
பதினைந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேனே,
சூட்டுக் காய்ச்சல் என்று இளநீர் குடித்தேனே,
அது காய்ச்சலே இல்லையாம்.
உள்ளே சில பேர் திடுக்கென்று விழித்து
மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள்.
வரப்பெல்லாம் வெட்டிப் போட்டு,
எலி சிக்காமலே
மறுபடி அசந்துவிட்டார்கள்.

தினம் ஒரு மாத்திரை.
ராத்திரி ஒன்பதுக்குக் கேஜ் பார்த்து
நோட்டில் ஏற்றிவிட்டுப் போட்டுக்கொள்வேன்.
வைரஸ் கணக்கு முதலில் நாற்பத்தொரு லட்சம்.
ஆறு மாதத்தில் மூவாயிரத்துச் சொச்சம்.
மறு ஆடியில் தாளில் எண்ணே இல்லை.
லேப் பையன் தமிழில் சொன்னான்:
கண்டறியப்படவில்லை.

ஒரு கிலோ ஜாங்கிரியோடு போய் நின்றேன்.
டாக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு சொன்னார்:
‘போயிடல. மாத்திரையை நிறுத்திடாதீங்க.’
கோரையாற்றுக்காரனுக்கு விளக்கவா வேண்டும்?
பிடுங்கலாம், மருந்தடித்துக் கருக்கலாம்,
வயல் பளிச்சென்று கிடக்கும்.
கிழங்கு
முழ ஆழத்தில் மூச்சடக்கிக் கிடக்கும்.

‘வீட்ல அவங்களையும் கூட்டி வாங்க.’

தையல்நாயகிக்குக் கொள்முதல் நிலையத்தில்
நெல் தூற்றுகிற வேலை. அரைநாள் கூலி போச்சு.
ஊசி குத்தும்போது நான் சுவரைப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷத்தில் இவளுக்கு
என்னவெல்லாம் கொடுத்தேன் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய கணக்கில்லை.

‘இவங்களுக்கு வந்துட்டுப் போயிருக்கு’ என்றார் டாக்டர்.
எப்ப?
யாருக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் இருக்கலாம்.
இவங்க ஆளுங்களே முடிச்சுட்டாங்க.
இனி வந்தாலும் விடமாட்டாங்க.

நம்பவில்லை அவள்.
ஒரு நாள் படுத்ததில்லையே,
ஒரு வேளை சோறு வெறுத்ததில்லையே.
எந்த ராத்திரி நடந்தது அந்தச் சண்டை?
பக்கத்தில்தானே படுத்திருந்தேன்.

பஸ் நீடாமங்கலம் கேட்டில் நின்றது.
சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக நெல்.
அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
அதுவரை பேசவில்லை.
‘ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா
எப்படி அடிக்கணும்னு
உங்க ஆளுங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பேன்ல?’

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
என் மணிக்கட்டை எடுத்து,
நாடி பார்க்கத் தெரியாதவள்,
நாடி பார்ப்பவளைப் போலப் பிடித்துக்கொண்டாள்.
கேட் ஏறியும் விடவில்லை.

மணி எட்டே முக்கால்.
பாமணிக்கு இருநூறு கன அடி குறைக்கச் சொல்லி
போன் அடித்துக்கொண்டிருந்தது.