இசைகுடிமானம்

கல்லுக்கட்டி முனையில் என் கடை. சேவுகன் வீடியோஸ்.
தொண்ணூற்றெட்டில் ரிச்சி தெருவில் வாங்கிய
பன்னிரண்டு தகடுகள் இன்னும் ஓடுகின்றன.
லண்டன் கம்பெனியின் பொது இசை.
எதற்கும் பேர் கிடையாது, எண்தான்.
எண்ணுக்கு எதிரே ஆங்கிலத்தில் ஒரு வரி.
நான் அதைப் படித்ததில்லை.
காதுக்குப் பட்டதை வெட்டி ஒட்டுவேன்.

முப்பத்தொன்று, இசைகுடிமானத்துக்கு.
சம்பந்திகள் இருவரும் சம்மணமிட்டு
ஊரும் கோயில் பிரிவும் எழுதிய தாளில்
கையெழுத்துப் போடும் இடம்.
அப்போது நாயனக்காரர் காப்பிக்குப் போயிருப்பார்.
அந்தச் சந்தில் ஒரு கிளாரினெட்டை நுழைத்தால்
கணக்குப் பார்த்தே பழகிய முகங்கள்கூட
கொஞ்சம் கலங்கினாற்போல் தெரியும்.
நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணம்.
அதே கிளாரினெட்.

மாசியில் ஒருநாள்
கார் ஓட்டும் பெரியகருப்பன் ஒரு வெள்ளைக்காரரை இறக்கினான்.
கானாடுகாத்தான் ஓட்டலில் தங்கியிருக்கிறாராம்.
முதலாளி மகள் கல்யாணத்தை
டிவியில் காட்டியிருக்கிறார்கள்.
பாதித் தோசையில் எழுந்துவிட்டாராம்.

கிரெஸ்வெல். வயது எண்பத்தொன்று.
காதுக் கருவியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார்.
என் இங்கிலீஷ் ரசீது போடும் அளவு;
மிச்சம் பெரியகருப்பன்.

எடுத்த படம் மூன்று.
முதலாவது ஓடியது.
இரண்டாவதை இரண்டே வாரத்தில் தூக்கினார்கள்.
மூன்றாவது இங்கேதான், எழுபத்துநாலில்.
வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று
வளவு முழுக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டு
ஒன்பது நாள் எடுத்தபின்
பணம் போட்டவர் கம்பி நீட்டிவிட்டார்.
சுருள்கள் மெட்ராஸ் துறைமுகத்தில்
வாடகை கட்டாமல் கிடந்து, பிறகு கிடக்கவில்லை.

அதன்பின் நாற்பது வருஷம்
இன்னாருக்கென்று இல்லாத இசை.
காலையில் ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று.
நடை வேகம். ரயில் வேகம். லேசான கவலை.
யாரும் எடுக்கலாம், விநாடிக்கு இவ்வளவு.

விநாடிக்கு இவ்வளவு.
மேசைக்கு அடியில் கால்குலேட்டரைத் தட்டினேன்:
நூறு விநாடி, நானூற்றுப் பன்னிரண்டு தரம்.
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
ஃபேன் ஓடியும் வேர்த்தது.

அவர் கேட்டது வேறு:
அந்த இரண்டு பேரும் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள்?
சொன்னேன்.
இசை என்றால் மியூசிக் அல்லவா என்றார்;
எங்கோ கற்றிருக்கிறார்.
அதுவும்தான், இங்கே சம்மதம் என்றான் பெரியகருப்பன்.
"நான் போடவில்லையே கையெழுத்து."
முகம் சிரிக்கவில்லை.

பிறகு தகட்டு உறையைத் திருப்பிக் கண்ணருகே பிடித்தார்.
எண் முப்பத்தொன்று:
சாக்கடைத் திட்டம், நகராட்சி, நம்பிக்கையுடன்.
இப்போது சிரித்தார், இருமும்வரை.

முழுசாகப் போடு என்றார்.
நான் எப்போதும் நூறாவது விநாடியில் அமுக்கிவிடுவேன்.
இன்னும் எட்டு இருக்கிறதாம்.
போட்டேன்.
கிளாரினெட் இறங்கி, ஒரு படி தடுக்கி, நின்றது.
பிறகு ஒரு கிரீச்.
நாற்காலி.
வாசித்தவருக்கு அன்று ஃபுட்பால் பார்க்கும் அவசரம்.
"அவன் பேர் எந்த உறையிலும் கிடையாது" என்றார்,
"அதனால் அதை நான் வெட்டவில்லை."

பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
பேசாததை நானும் நினைவூட்டவில்லை.
இரண்டு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

வைகாசியில் பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு
நூற்றெட்டு விநாடியும் விட்டுவைத்தேன்.
நாலாம் நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா போன்:
"எல்லாம் பிரமாதம், சேவுகன்.
கையெழுத்துப் போடுற இடத்துல மட்டும்
யாரோ எந்திரிச்சுப் போற சத்தம் வருது.
நல்ல காரியத்துல அது எதுக்கு?
எடுத்துருங்க."