காரணமின்றி நிற்பவர்

உன் பெயர் எனக்குத் தெரியாது.
ஊரும் தெரியாது,
கோப்பின் தலையில் ஓர் எண் மட்டும்.
பனி பெய்கிறது, டிராம் ஓடுகிறது,
கடைப் பலகையில் சில எழுத்துகளின் தலைமேல்
சின்னச் சின்னக் கொக்கிகள்.
நைரோபி இல்லை, அதுமட்டும் நிச்சயம்.

என் வேலை பெட்டி வரைவது.
டொன்ஹோமில் ஒரு மாடி, நாற்பது கணினி,
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை.
திரையில் வரும் ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு பெட்டி,
பெட்டிக்கு ஒரு பெயர்:
நடப்பவர். ஓடுபவர். சுமப்பவர். வண்டிக்குக் காத்திருப்பவர்.
எதிலும் அடங்காதவருக்குப்
பட்டியலின் அடியில் ஒன்று வைத்திருக்கிறார்கள்:
காரணமின்றி நிற்பவர்.
இதையெல்லாம் பார்த்துப் பார்த்து
ஓர் இயந்திரம் மனிதர்களைப் படிக்கிறதாம்.

விதி எளிது.
மூன்று டிராம்களை விட்டுவிட்டால்
நீ பயணி இல்லை.

நீ ஐந்தை விட்டாய்.
நீலக் குல்லாய், அவிழ்ந்த இடது ஷூ நாடா,
கையில் பை இல்லை, போன் இல்லை.
ஒரு சிகரெட்டாவது பற்றவைத்திருக்கலாம்.
புகைப்பவர் என்று போட்டிருப்பேன்,
தப்பித்திருப்பாய்.

பதினொரு மாலைகள். பதினொரு சொடுக்குகள்.
சொடுக்குக்கு நான்கு ஷில்லிங்.
அந்தக் காசில் சூடாக மண்டாசி வாங்கி
மொராவோடு பங்கிட்டுத் தின்றேன்.
ருசியாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் மாலை
ஒரு டிராம் உன்னை மறைத்துக்கொண்டு நின்றது.
அதன் கண்ணாடியில் எதிர்வீடு தெரிந்தது.
கேமராவை அந்த வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள்.
தெருவெல்லாம் தெரியும் அதற்கு,
தன் முதுகு தெரியாது.
மூன்றாம் மாடி. விலகிய திரைச்சீலை.
கரண்டி பிடித்த ஒரு குட்டிக் கை
மேலும் கீழும்
ஆடிக்கொண்டே இருந்தது.

நீ நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
கோர்ட்டு தள்ளிவைத்த தகப்பனாக இருக்கலாம்,
தள்ளிவைத்ததற்குக் காரணமும் இருக்கலாம்.
அந்தக் கை வேறு யாருக்கோ ஆடியிருக்கலாம்.
நான் சொல்வது இவ்வளவுதான்:
பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்,
அதில் ஒரு பெயர்கூட உனக்குப் பொருந்தவில்லை.
சும்மா என்றுகூட ஒரு சொல் இல்லை.

மேற்பார்வையாளர் ஒச்சோலாவைக் கூப்பிட்டேன்.
நெட்டி முறித்தபடியே வந்து பார்த்தார்.
"கண்ணாடியில் தெரிவதற்குப் பெட்டி போடக் கூடாது, கெருபோ.
கையேடு, பக்கம் பத்தொன்பது."
டிராம் நகர்ந்தது.
நீ அப்படியே நின்றாய்.
பன்னிரண்டாவது தடவையும் சொடுக்கினேன்.

அடுத்த கோப்பில் சீருடை போட்ட இருவர்.
அவர்களுக்கும் பெட்டி போட வேண்டும், போட்டேன்.
ஒருவர் உன் முழங்கையைப் பிடித்திருந்தார்.
நாடா பனியில் இழுபட
அன்று நீ முதன்முதலாக
நடப்பவர் ஆனாய்.
அந்த வாரம் என் துல்லியம் தொண்ணூற்றெட்டு சதவீதம்.
சுவரில் பெயர் ஒட்டினார்கள்.

நீ நின்ற இடத்தில் இப்போது பனி நிற்கிறது.
எத்தனை டிராம் போனாலும் நிற்கிறது.
பனிக்குப் பெட்டி கிடையாது.

காலை ஆறரை. ஜோகூ சாலை நிறுத்தம்.
போன வாரம் நட்ட புதுக் கம்பம்,
உச்சியில் வெள்ளைக் குமிழ்,
ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் பாதி உரியாமல்
காற்றில் படபடக்கிறது.
எட்டு மணி நேரம் எரிந்த கண்.
வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை,
வெயில் முதுகில் பட
கொஞ்ச நேரம் நிற்கலாம் போலிருந்தது.

முதல் மட்டாட்டு போனது.
இரண்டாவது போனது.
நடத்துனர் பையன் கதவைத் தட்டித் தட்டி அழைத்த
மூன்றாவதும் போனது.

பையிலிருந்து போனை எடுத்தேன்.
நடுராத்திரியே சார்ஜ் தீர்ந்துபோன போன்.
காதில் வைத்து
கம்பத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:
"இதோ, உனக்காகத்தான் நிற்கிறேன்.
சீக்கிரம் வா."