கடைமடை

இரவு இரண்டே காலுக்கு
வரைகோட்டில் ஒரு முள் எழுந்தது.

பாசலுக்குக் கீழே, ரைன் கரையில் எங்கள் நிலையம்.
கட்டடம் ஜெர்மனியில், சம்பளம் பாதி சுவிஸில்.
எதிர்க்கரையில் நாய் குரைத்தால் அது பிரான்ஸ்.

பெயரில்லாத முள்.
கணினிக்குத் தெரிந்த எண்ணூறு நஞ்சுகளில்
எதனோடும் ஒட்டவில்லை.
குழாயில் வந்த நீரோ
குடிக்கலாம் போலத் தெளிந்திருந்தது.

ரெட்டோவை எழுப்பினேன்.
"யாருடையது என்று தெரியட்டும், பிறகு சொல்வோம்.
ஆலைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள்."
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
போன வருடத்துப் பொய் எச்சரிக்கைக்கு
மன்னிப்புக் கடிதம் எழுதியது அவன் கை.

இன்னொரு குப்பி நிரப்பினேன். ஓட்டினேன்.
இருபத்தாறு நிமிடம்.
அதற்குள் நதி ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருக்கும்,
யாரிடமும் கடவுச்சீட்டுக் காட்டாமல்.

முள் அங்கேயே நின்றது.

சுவரில் ஊர்ப் பட்டியல், நீர் போகும் வரிசையில்:
ஸ்ட்ராஸ்பூர்க், கார்ல்ஸ்ரூ, கோப்லென்ஸ், கொலோன்,
கடைசியில் ராட்டர்டாம்.
நான் எப்போதும் கீழிருந்துதான் வாசிப்பேன்.
எங்கள் மொழியில் கடைசி வயலுக்கு ஒரு சொல் இருக்கிறது,
கடைமடை.
தலைமடைக்காரன் மண்வெட்டியைத் தூக்குமுன்
நினைக்க வேண்டிய சொல்.
ரெட்டோவுக்கு அதை ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்.
மூன்று வாக்கியம் பிடித்தது,
மூன்றாவதில் வினைச்சொல்லைத் தவறவிட்டேன்.

அவன் படிவத்தை என் பக்கம் தள்ளினான்.

நேரம். இடம். அளவு. இவை கட்டாயம்.
"பொறுப்பானவர்" என்ற பெட்டியின் கீழே
பொடி எழுத்தில்: காலியாக விடலாம்.

எந்த ஊர்க் கூட்டத்தில்
எத்தனை பகல் தொண்டை வற்ற வாதாடி
யார் வாங்கித் தந்தார்களோ இந்த அனுமதியை,
கொடிகளும் கையெழுத்துகளும் இருந்த மேசையில்
ஒரு வெற்றுப் பெட்டிக்காக.
நான் அந்த ஆளுக்குக் கடன்பட்டவள்.

அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் அழைத்தது.
இரவுப் பணியில் மாதில்ட் என்று ஒருத்தி, தூக்கக் குரல்.
யார் என்று அவள் கேட்கவில்லை.
எவ்வளவு என்றாள்.
எண்ணைச் சொன்னேன். திருப்பிச் சொன்னாள்.
அவள் பக்கம் ஏதோ மதகு இறங்கும் சத்தம்,
அல்லது நாற்காலி.

ரெட்டோ குழாய்த் தண்ணீரில் கோப்பி போட்டான்.
இருவரும் ஒரு கணம்
கோப்பைக்குள் பார்த்தோம். குடித்தோம்.

விடியுமுன் கடைசிப் பதில், ராட்டர்டாமிலிருந்து:
கிடைத்தது.
எங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.