வட்டத்தில் கால்

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப் பசி அதிகம்.
இருபது டெட்ரி நாணயத்தை விழுங்கினால்தான்
மேலே கிளம்பும்.
மின்சார அலுவலகம் அந்தக் காசைத் தராது.
அதனால் ஏறினேன்,
திபிலிசியின் மேட்டுக் குடியிருப்புகளில்
முப்பத்தொரு வருஷம்,
கையில் டார்ச், கக்கத்தில் பேரேடு,
மாடி மாடியாக மீட்டர் பார்த்துக்கொண்டு.
மின்சாரமே வராத அந்தக் குளிர்காலங்களிலும் போனேன்.
செத்துக் கிடந்த சக்கரத்தைப் பார்த்து
போன மாத எண்ணையே எழுதிவிட்டு இறங்கினேன்.
நான் மிச்சம் பிடித்ததையெல்லாம்
வலது முட்டி வேறொரு பேரேட்டில்
வட்டியோடு ஏற்றிக்கொண்டிருந்தது.

அறுத்து மாற்றிய மறுநாள்
பழைய எலும்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
'வைத்துக்கொள்ள அதில் என்ன இருந்தது?'
என்றார் டாக்டர் கோச்சா.
நியாயமான கேள்வி.
ஆனாலும் அது
ஏழாயிரம் வாசல் பார்த்த எலும்பு.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு. நோதார் காசு போட்டார்.
எட்டு மாடி.
ஒரு பெருமூச்சை விட்டு முடிப்பதற்குள்
எங்கள் கதவு.
இவ்வளவுதானா?
எனக்கு அழுகை வந்தது.
வலி என்று நினைத்து அவர் தோளைத் தட்டினார்.
கோபம், மனுஷா, அது கோபம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஏகா வருகிறாள்.
முட்டியோரம் கோணமானியை வைத்து,
குனிந்து, கண்ணைச் சுருக்கி,
எண்ணைப் படித்து, எழுதி,
முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிமிர்கிறாள்.
அந்த முகம் என்னுடையது.
வீட்டுச் செருப்போடு வாசலில் நின்று
'எவ்வளவு வந்திருக்கு?' என்று
என்னைக் கேட்டவர்கள்தான் எத்தனை பேர்!
இப்போது நான் கேட்கிறேன்.
'அறுபத்தெட்டு. தொண்ணூறு வர வேண்டும்.'

தொண்ணூறு டிகிரி. முழு வட்டத்தில் கால்.
காலிடம் கால் பங்குதான் கேட்கிறார்கள்.
அதற்கே உயிர் போய் வருகிறது.

மீட்டரின் தலையில் காந்தம் வைத்து
சக்கரத்தை நிறுத்துவார்கள் சிலர்.
ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்திருப்பார்கள்.
கைக்குழந்தை அழும் வீடென்றால்
எனக்குக் கண் தெரியாது.
மற்றவர்களைப் பிடித்துக் கொடுத்தேன்.
நேற்று, இடுப்பை லேசாகத் தூக்கி
எழுபத்தைந்தை எண்பதாக்கப் பார்த்தேன்.
ஏகா என் இடுப்பில் கை வைத்து அழுத்தினாள்.
'வேண்டாம், லமாரா.'
நான் பிடித்துக் கொடுத்த திருடர்கள் அத்தனை பேரும்
எங்கோ ஒரு மேசையில்
மது ஊற்றிக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

இரவு மூன்று மணிக்கு வலி தனியாக எழுந்துகொள்கிறது.
உறைந்த பட்டாணிப் பையை முட்டியில் போட்டுக்கொண்டு
குளிர்பெட்டியின் முனகலைக் கேட்கிறேன்.
அதுவும் தூங்கவில்லை.

காலையில் இறுக்கமான காலுறை.
எனக்குக் குனிய வராது.
நாற்பத்தேழு வருஷத்தில் ஒருமுறைகூட
என் முன் மண்டியிட்டதில்லை நோதார்.
கல்யாணம் கேட்டதுகூட
ரயிலில், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு.
இப்போது தினமும் தரையில் முட்டி ஊன்றி
விரல் விரலாக ஏற்றிவிடுகிறார்.
அவர் முட்டியில் வேர்க்கடலை உடைகிற சத்தம்.
'அடுத்தது நீங்கள்தான்.'
'வாயை மூடு, காலை நீட்டு.'

ஆறாவது வாரம் எண்பத்தெட்டு.
ஏகா தொண்ணூறு என்று எழுதப் போனாள்.
தடுத்தேன். உள்ளதை எழுது.

அன்று சாயங்காலம்
லிஃப்டை ஏழாவது மாடியிலேயே நிறுத்தி இறங்கினேன்.
மிச்சம் ஒரு மாடி.
நல்ல கால் முன்னே, புதுக் கால் பின்னே.
நோதார் எனக்குப் பின்னால், கைகளை விரித்து,
நான் விழுந்தால் தானும் விழத் தயாராக.
நடுப்படியில் மூச்சு வாங்க நின்றபோது
பழக்கத்தில் கண் சுவர்ப் பெட்டிக்குப் போனது.
நஸிப்ரோலா வீட்டுச் சக்கரம்
வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
இஸ்திரி போடுகிறாள் போல.