கண்டறியப்படவில்லை

எண்பத்தேழில் பள்ளிகொண்டா தாண்டி வண்டி கவிழ்ந்தபோது
எனக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.
யார் கொடுத்தது என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.
காசுக்குக் கொடுப்பவர்கள் அப்போதெல்லாம்
ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள்.
அதில் ஒருவன் அன்று ராத்திரி வயிறாரப் பரோட்டா தின்றிருப்பான்.
நான் பிழைத்தேன்.
கணக்கு சரி.

கணக்கு சரி என்றுதான் முப்பது வருஷம் இருந்தேன்.
காட்பாடிக்கும் பாகாயத்துக்கும்
ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர்,
எத்தனை நடை அடித்தேனோ.
கடைசி சீட்டில் தூங்குவதுபோல் நடிக்கிறவனைப்
பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே பிடித்துவிடுவேன்.
எனக்குள்ளேயே ஒருத்தன்
டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ரிட்டையரான வருஷம் கால் வீங்கியது.
ஹெபடைட்டிஸ் சி என்றார்கள்.
"குடிச்சியா?" என்றாள் அம்சவேணி.
இல்லை என்றேன்.
ஜலகண்டேஸ்வரர் படத்தைத் தொடச் சொன்னாள்.
தொட்டேன்.
படத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள்.

எண்பத்து நாலு மாத்திரை. தினம் ஒன்று.
அப்புறம் மூன்று மாதம் சும்மா இருந்து
மறுபடி ரத்தம் கொடுத்தேன்.
கண்டறியப்படவில்லை என்று வந்தது.
பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரே அந்தத் தாளை லேமினேட் செய்தேன்.
கடைக்காரன் என்ன சர்டிபிகேட் என்று கேட்டான்.
பாஸ் ஆகிவிட்டேன் என்றேன்.

டாக்டர் எஸ்தர் நளினி வாசல்வரை வந்து சொன்னார்:
"கிருமி போச்சு முனிரத்தினம். ஈரல்ல தழும்பு இருக்கு, அது போகலை.
ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். விட்டுடாதீங்க."

இரண்டு தடவை போனேன்.
மூன்றாம் தடவை குடியாத்தத்தில் ஒரு கல்யாணம்.
நாலாம் தடவை வெயில்.
வேலூரில் வெயிலைக் காரணம் சொன்னால்
யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.
நிஜம் அதுவல்ல.
இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு
இருக்கிறதா என்று தேடிப் போய்க் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

ஈரக்குலை நடுங்குகிறது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
அது நடுங்காது.
ஒரு முனகல்கூட இல்லாமல் கிடக்கும்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."
ஜெல் சில்லென்று இருந்தது.
மகன் எங்கே வேலை, மருமகள் எந்த ஊர் என்று
பேசிக்கொண்டே இருந்த பெண்
விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில்
கருவியை வைத்து வைத்து எடுத்தாள்.
பேசிக்கொண்டே ஓட்டுகிற டிரைவர்
சட்டென்று வாயை மூடினால்
ரோட்டில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம்.

மூன்று சென்டிமீட்டர்.
"நெல்லிக்காயாட்டமா?" என்றாள் அம்சவேணி.
எதையும் காய்கறியில் சொன்னால்தான் அவளுக்குப் பிடிபடும்.
கிட்டத்தட்ட என்றார் டாக்டர்.

கடைசி நடை முடிந்து டிப்போவில் விடும்முன்
ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்ப்பேன்.
இறங்கினவன் எதையாவது விட்டுப் போயிருப்பான்:
குடை, டிபன் கேரியர்,
ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல்.
முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில்
குனியாமல் நான் வீட்டுக்குப் போன நாள் கிடையாது.

டாக்டர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
"ஊசி வழியா சுட்டுடலாம், சின்னதுதான்.
அதுக்கப்புறமும் பார்த்துட்டே இருக்கணும்."
எவ்வளவு நாள் என்றேன்.
கையெழுத்துப் போட்டுக்கொண்டே "எப்பவும்" என்றார்.

இப்போது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில்
மால்டாவிலிருந்து வந்தவர், மடியில் பிளாஸ்டிக் ஃபைல்.
அந்த ஊர்க்காரர்களை ஏற்றி ஏற்றி
நாலு வார்த்தை எனக்குப் பழக்கம்.
கோத்தாய் ஜாபேன் என்றேன்,
எங்கே போகணும் என்று.
அதைத் தவிர எனக்கு வேறு கேள்வி கேட்கத் தெரியாது.
அவர் கொஞ்சம் யோசித்து
வலது விலாவில் கையை வைத்துக் காட்டினார்.
நானும் வைத்துக் காட்டினேன்.
உள்ளே ஒரு நம்பரைக் கூப்பிட்டார்கள்.
இருவரும் சீட்டைப் பார்த்தோம்.
எங்களுடையது இல்லை.